எலும்பிலிருந்து பெயருக்கு: டி.என்.ஏ. வரிசைகள் எப்படி ஒப்பிடப்படுகின்றன, எந்தக் கோப்புகளை நாம் கேட்க வேண்டும்?

2025 ஓகஸ்ட் மாதத்தில் செம்மணி சித்துப்பாத்தி மயானப் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்கள், நீதிமன்ற உத்தரவின் பேரில் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. உடைகள், வளையல்கள், செருப்புகள், ஒரு பாடசாலைப் பை. தங்கள் உறவின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக் குடும்பங்கள் வந்து பார்த்தன. அந்த இடத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டுள்ளன. கொக்குத்தொடுவாயில் 50க்கும் மேற்பட்டவை. மன்னாரில் 300க்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு புதைகுழி திறக்கப்படும்போதும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் யாரென்று தெரிந்துவிடாதா?

தெரியலாம். ஆனால் டி.என்.ஏ. என்பது பெயர் எழுதிய அடையாள அட்டை அல்ல. எலும்பில் கிடைக்கும் எழுத்து வரிசை தனியாக நின்று எந்தப் பெயரையும் சொல்லாது. அதை உயிரோடு இருக்கும் உறவினர் ஒருவரின் வரிசைக்குப் பக்கத்தில் வைத்து, எங்கே பொருந்துகிறது, எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். உயிர்த்தகவலியல் துறையில் இதற்கு வரிசை ஒப்பீடு என்று பெயர். அதைச் செய்பவை கணினி மென்பொருட்கள். அவற்றின் முடிவுகள் சில குறிப்பிட்ட வகைக் கோப்புகளில் சேமிக்கப்படுகின்றன. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், நாளை ஒரு அறிக்கை கையில் தரப்படும்போது அதை நம்புவதா, கேள்வி கேட்பதா என்று நமக்குத் தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். மன்னார் புதைகுழி எலும்புகள் பற்றி 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து வந்த அறிக்கை காபன் திகதியிடல் பற்றியது. அந்தப் பரிசோதனை எலும்பின் காலத்தை மதிப்பிடும். ஆளை அடையாளம் காட்டாது. இந்தக் கட்டுரை இரண்டாவது வேலையைப் பற்றியது.

ஒரே பெயர், இரண்டு எழுத்துமுறை

டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆனது. அடினைன், சைற்றோசின், குவானின், தைமின் என்பவற்றைச் சுருக்கி ஏ, சி, ஜி, ரி என்று எழுதுகிறார்கள். மனிதக் கலத்தின் கருவில் உள்ள முழுத் தொகுதி ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் நீளமானது. கலத்துக்குள் இழைமணி எனப்படும் சிறு உறுப்புகளுக்கும் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 16,569 எழுத்துகள் மட்டுமே.

இரண்டு வரிசைகளை ஒப்பிடுவது எப்படி என்பதை நமக்குப் பழக்கமான ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழில் ‘கந்தசாமி’ என்றும் முகாம் பட்டியலில் ‘கந்தசுவாமி’ என்றும் இருக்கும். இரண்டும் ஒரே பெயர் என்று நம் கண் உடனே சொல்லிவிடும். கணினிக்கு அது விதியாகத் தெரிய வேண்டும். எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைப்போம்:

க – ந் – த – [இடைவெளி] – சா – மி
க – ந் – த – சு – வா – மி

பொருந்தும் எழுத்துக்கு ஒரு புள்ளி கூட்டுவோம். மாறுபடும் எழுத்துக்கு ஒரு புள்ளி கழிப்போம். இடைவெளிக்கு இரண்டு புள்ளி கழிப்போம். நான்கு பொருத்தம், ஒரு மாறுபாடு, ஒரு இடைவெளி. மொத்தம் 1. இடைவெளியை நடுவில் விடாமல் கடைசியில் விட்டிருந்தால் மூன்று எழுத்துகளே பொருந்தும், மொத்தம் −1 ஆகிவிடும். ஆகவே நடுவில் இடைவெளி விடும் ஒப்பீடே சிறந்தது என்று கணினி தீர்மானிக்கிறது.

ஆனால் கவனியுங்கள். ‘சா’வைச் ‘சு’வுக்கு மேல் வைத்து, ‘வா’வுக்கு மேல் இடைவெளி விட்டாலும் அதே 1 புள்ளிதான் வரும். இரண்டு ஒப்பீடுகளும் சமம். எதைத் தெரிவது என்பதற்கு வேறொரு விதி தேவை. இந்தச் சிறிய சிக்கல் பின்னர் ஆய்வுகூடத்தில் பெரிதாகத் திரும்பி வரும்.

கருவிகள்

இந்தப் புள்ளிக் கணக்கை முழு வரிசைக்கும் முறையாகச் செய்யும் வழியை நீடில்மனும் வுன்ஷும் 1970 இல் வெளியிட்டார்கள். இரண்டு நீண்ட வரிசைகளுக்குள் ஒத்திருக்கும் பகுதியை மட்டும் தேடும் வழியை ஸ்மித்தும் வோட்டர்மனும் 1981 இல் தந்தார்கள். இவை துல்லியமானவை. ஆனால் கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு மிக மெதுவானவை. 1990 இல் வந்த பிளாஸ்ட், ஒரு வரிசையைப் பெரிய தரவுத்தளத்தில் விரைவாகத் தேடிப் பார்க்க உதவுகிறது. தெரியாத ஒரு துண்டு மனிதனுடையதா, பற்றீரியாவினுடையதா என்று அறிய இது பயன்படும். பல வரிசைகளை ஒரே நேரத்தில் ஒப்பிடுவதற்கு குளஸ்டல், மாஃப்ட் போன்றவை உள்ளன. புதிய இயந்திரங்கள் தரும் இலட்சக்கணக்கான சிறு துண்டுகளை ஒரு நீண்ட வரிசையில் அவற்றுக்குரிய இடத்தில் பொருத்துவதற்கு 2009 இல் வெளிவந்த பி.டபிள்யூ.ஏ., போவ்டை போன்றவை பயன்படுகின்றன.

புதைகுழி எலும்புக்கு இந்தக் கடைசி வகைக் கருவிகளே முக்கியம். மண்ணில் கிடந்த எலும்பின் டி.என்.ஏ. உடைந்து சிறு துண்டுகளாகக் கிடக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள நிலத்தில் அது இன்னும் விரைவாகச் சிதையும். எலும்பிலிருந்து எடுக்கப்படும் டி.என்.ஏ.யில் பெரும்பகுதி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுடையதாகவும் இருக்கலாம். அதனால்தான் பற்களையும், தொடை எலும்பையும், காதின் உட்புறத்தைச் சூழ்ந்துள்ள அடர்த்தியான மண்டையோட்டு எலும்பையும் தேடி எடுக்கிறார்கள். இழைமணி டி.என்.ஏ.யை நாடுவதற்கும் காரணம் இதுவே. கருவிலுள்ள டி.என்.ஏ. ஒரு கலத்தில் இரண்டு பிரதிகள்தான். இழைமணியினுடையது நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை இருக்கும். ஏதாவது ஒன்று தப்பிப் பிழைக்கும்.

கொரியப் போரில் இறந்து, ஹவாயிலுள்ள பஞ்ச்போல் மயானத்தில் ‘பெயர் தெரியாதவர்’ என்று புதைக்கப்பட்ட அமெரிக்கப் படையினரின் எலும்புகள் இரசாயனத்தால் பதப்படுத்தப்பட்டிருந்தன. டி.என்.ஏ. மிகச் சிறு துண்டுகளாகிவிட்டதால் பழைய முறைகள் தோற்றன. 2016 முதல் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் இழைமணித் துண்டுகளை மட்டும் பிடித்தெடுத்து, புதிய இயந்திரங்களில் வாசித்து, கணினியில் பொருத்தி அடையாளம் காணத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் மௌனமாக இருந்த எலும்புகளிலிருந்து பெயர்கள் வந்தன. ஒருமுறை தோற்ற பரிசோதனை என்றென்றைக்கும் தோற்றதாகாது. எலும்பும் தரவும் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அளவுகோல் யாருடையது?

துண்டுகளைப் பொருத்த ஒரு நிலையான வரிசை தேவை. இழைமணிக்கு உலகம் முழுவதும் பயன்படுவது கேம்பிரிட்ஜ் ஒப்பீட்டு வரிசை. 1981 இல் வெளியிடப்பட்டு, 1999 இல் திருத்தப்பட்டது. இது ‘சரியான’ மனித வரிசை அல்ல. ஐரோப்பிய வம்சாவளியில் வந்த ஒருவரின் வரிசை. உதாரணமாக, 263 ஆம் இடத்தில் இந்த வரிசையில் ஏ உள்ளது. உலகில் ஏறத்தாழ எல்லோருக்கும் அந்த இடத்தில் ஜி தான். ஆகவே ஒரு அறிக்கையில் ‘263 ஆம் இடத்தில் மாற்றம்’ என்று இருந்தால் அது நோயும் அல்ல, குறையும் அல்ல. அளக்கும் கோலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டுமே.

கோலை மாற்றினால் அளவும் மாறும். 2009 ஆம் ஆண்டின் மனித மரபணுத்தொகுதிப் பதிப்பைப் பலர் பதிவிறக்கிப் பயன்படுத்திய ஒரு வடிவத்தில், இழைமணிக்கு வேறொரு வரிசை இருந்தது. அதன் நீளம் 16,571. இரண்டு ஆய்வுகூடங்கள் வெவ்வேறு கோல்களைப் பயன்படுத்தினால், ஒரே மாற்றம் இரண்டு இலக்கங்களில் பதிவாகும்.

இடைவெளிச் சிக்கலும் இங்கேதான் வருகிறது. இழைமணி வரிசையில் 303 முதல் 315 வரையுள்ள பகுதி பெரும்பாலும் சி எழுத்துகளால் ஆனது, நடுவில் ஒரு ரி உண்டு. பெரும்பாலானோருக்கு அந்தப் பகுதியில் ஒரு சி கூடுதலாக இருக்கும். வரிசையாக நிற்கும் சிகளுக்குள் எது ‘கூடுதல்’ சி? எந்த இடத்திலும் வைக்கலாம். புள்ளி ஒன்றுதான். ஒரு ஆய்வுகூடம் ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் எழுதினால், ஒரே குடும்பத்தவர் இருவரின் வரிசைகள் பட்டியலில் வேறுபட்டவையாகத் தெரியும். இதனால்தான் சர்வதேச நெறிமுறைகள் எழுதும் விதியை வரையறுக்கின்றன. மாற்றங்களின் பட்டியலை மட்டும் பார்க்காமல் முழு எழுத்து வரிசையையும் ஒப்பிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

நான்கு வகைக் கோப்புகள்

ஒரு பரிசோதனை படிப்படியாகக் கோப்புகளை உருவாக்குகிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தகவல் சுருங்கிக்கொண்டே போகும்.

ஃபாஸ்ட்கியூ: இயந்திரம் வாசித்த மூலத் தரவு. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரிகள். முதல் வரி துண்டின் அடையாளம். இரண்டாவது எழுத்துகள். மூன்றாவது ஒரு கூட்டல் குறி. நான்காவது ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்ற மதிப்பெண். மதிப்பெண் 20 என்றால் நூறில் ஒன்று பிழையாக இருக்கலாம். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. மற்ற எல்லாக் கோப்புகளையும் இதிலிருந்து மீண்டும் உருவாக்கலாம். மற்றவற்றிலிருந்து இதை முழுமையாக மீட்க எப்போதும் முடியாது.

சாம், பாம்: துண்டுகளை அளவுகோலில் பொருத்திய பின் வரும் கோப்பு. பாம் என்பது சாமின் சுருக்கிய வடிவம். ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் பொருந்தியது, அந்தப் பொருத்தம் எவ்வளவு உறுதியானது, எங்கே இடைவெளி என்பன இதில் இருக்கும். ‘32எம்1ஐ37எம்’ என்ற குறிப்பு, 32 எழுத்துகள் கோலோடு நிரைப்பட்டன, ஒரு எழுத்து கூடுதல், பின்னர் 37 எழுத்துகள் நிரைப்பட்டன என்று பொருள்படும். நிரைப்படுதல் என்றால் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடையில் எழுத்து மாறியிருந்தாலும் ‘எம்’ என்றே வரும். கிராம் என்ற இன்னும் சுருக்கமான வடிவமும் உண்டு. பெரும்பாலும் அது அளவுகோலிலிருந்து மாறுபடுவதை மட்டுமே வைத்திருக்கும். அதே அளவுகோல் இல்லாமல் அதைத் திறந்து படிக்க முடியாது.

வி.சி.எஃப்.: மாற்றங்களின் பட்டியல். இடம், கோலில் உள்ள எழுத்து, இவரிடம் உள்ள எழுத்து. ஒரு இடம் பட்டியலில் இல்லையென்றால், அங்கே மாற்றம் இல்லையா அல்லது அந்த இடம் வாசிக்கப்படவே இல்லையா என்பது இந்தப் பட்டியலிலிருந்து மட்டும் எப்போதும் தெரியாது. உடைந்த எலும்பில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

ஃபாஸ்டா: முடிவான எழுத்து வரிசை. ஒரு தலைப்பு வரி, அதன் கீழ் எழுத்துகள். நம்பகத்தன்மை மதிப்பெண் எதுவும் இதில் இல்லை. ஒரு எழுத்து ஐந்நூறு துண்டுகளின் சாட்சியத்தோடு வந்ததா, இரண்டே துண்டுகளிலிருந்து வந்ததா என்பதை இந்தக் கோப்பு சொல்லாது.

குடும்பங்களின் கைக்கு வருவது இவற்றில் எதுவும் அல்ல. ‘பொருந்துகிறது’ அல்லது ‘பொருந்தவில்லை’ என்ற ஒரு பக்க அறிக்கையே வரும். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இந்தக் கோப்புகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

யாருடைய மாதிரி உதவும்?

இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும். தகப்பனிடமிருந்து போகாது. ஆகவே காணாமல் ஆக்கப்பட்டவருடைய அம்மா, அம்மம்மா, அதே தாய்க்குப் பிறந்த சகோதர சகோதரிகள், பெரியம்மா, சின்னம்மா, அவர்களுடைய பிள்ளைகள், தாய்மாமன் ஆகியோரிடம் அதே வரிசை இருக்கும். அப்பம்மாவிடமும் அப்பாவின் சகோதரியான மாமியிடமும் அது இருக்காது. காணாமல் ஆக்கப்பட்டவர் பெண் என்றால் அவருடைய பிள்ளைகளிடம் இருக்கும். ஆண் என்றால் இருக்காது.

இதனால் அப்பாவின் இரத்தம் பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. உலகில் பெரும்பாலான அடையாளப்படுத்தல்கள் இன்னொரு முறையில் நடக்கின்றன. கருவின் டி.என்.ஏ.யில் சிறு துண்டு ஒன்று எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்று பல இடங்களில் எண்ணுவது அந்த முறை. இதற்கு அப்பா, அம்மா, பிள்ளைகள், பிள்ளைகளின் மற்றப் பெற்றோர் எல்லோருடைய மாதிரியும் பெறுமதியானது. பொஸ்னியாவில் 2001 நவம்பரில் தொடங்கி இந்த முறையே பெருமளவில் பயன்பட்டது. ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் 7,000 பேர் அளவில் அடையாளம் காணப்பட்டுவிட்டார்கள். குற்றத்தை மறைக்க உடல்கள் இயந்திரங்களால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. ஒரே மனிதரின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடந்தன. அவற்றை ஒன்று சேர்க்க முடிந்ததற்குக் காரணம், குடும்பங்களின் இரத்த மாதிரிகள் பல்லாயிரக்கணக்கில் முறையாகச் சேகரிக்கப்பட்டிருந்தமையே.

நமது நிலைமையில் காலம் எதிரியாக இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். எலும்பு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். எண்பது வயதுத் தாய் காத்திருக்க முடியாது.

ஆர்ஜென்டினாவின் பாட்டிமார் இதை முன்பே உணர்ந்தார்கள். இராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தாங்கள் இறந்த பின்னரும் கண்டுபிடிக்க வழி வேண்டும் என்று போராடினார்கள். 1987 இல் அங்கே சட்டத்தின் மூலம் தேசிய மரபணுத் தரவு வங்கி உருவானது. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாட்டிமாரோடு சேர்ந்து பணியாற்றினார். தாய்வழியை ஆராய இழைமணி வரிசையைப் பயன்படுத்தும் வழியும் அந்தத் தேடலில் கைகொடுத்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டறியப்பட்டுள்ளார்கள். அவர்களுள் பலரின் பாட்டிமார் அந்த நாளைக் காண உயிரோடு இருக்கவில்லை. அவர்களின் மாதிரிகள் இருந்தன.

பொருத்தம் என்றால் அவர்தான் என்று அர்த்தமா?

இல்லை. இழைமணி வரிசை பொருந்தினால், இருவரும் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்றே பொருள். அந்தத் தாய்வழி பல நூறு ஆண்டுகள் பின்னோக்கியும் செல்லலாம். ஒரே கிராமத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே வரிசை இருக்கக்கூடும். மாறாக, ஒரே ஒரு எழுத்து வேறுபட்டால் உறவில்லை என்றும் முடிவு செய்யக் கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலும் ஒரு எழுத்து மாறக்கூடும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள் மாறினால் விலக்குவது, ஒன்று மட்டும் மாறினால் ‘முடிவு செய்ய முடியாது’ என்று எழுதுவது பல ஆய்வுகூடங்களின் நெறி.

பொருத்தத்தின் எடை, அந்த வரிசை அந்த மக்களிடையே எவ்வளவு பரவலானது என்பதைப் பொறுத்தது. இதற்கு நம்மவர்களின் தரவு தேவை. அப்படி ஒன்று ஏற்கெனவே உள்ளது. 2015 இல் நிறைவடைந்த ஆயிரம் மரபணுத்தொகுதிகள் திட்டத்தில் உலகின் 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத்தொகுதிகள் வாசிக்கப்பட்டன. அவற்றில் ஒரு குழு ‘பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்’, 102 பேர். பெயர் குறிப்பிடப்படாத அந்தத் தரவு எவரும் பார்க்கக்கூடியதாக இணையத்தில் உள்ளது. மேலே சொன்ன சாம், வி.சி.எஃப். வடிவங்கள் வளர்ந்ததும் இதே திட்டத்தின் தேவைகளுக்காகத்தான். ஆனால் 102 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரு வரிசை அந்த 102 பேரில் ஒருவரிடமும் இல்லை என்றாலும், அது நம் மக்களில் நூற்றுக்கு மூன்று பேர் வரை இருக்கக்கூடும் என்பதே புள்ளிவிபரக் கணக்கு. நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பங்களும் அதை ஆய்வாளரிடம் சொல்ல வேண்டும். அது நிகழ்தகவுக் கணக்கை மாற்றும்.

தவறினால் என்ன நடக்கும் என்பதற்குச் சிலி சாட்சி. சந்தியாகோவின் பொது மயானத்தில் ‘பற்றியோ 29’ என்ற பகுதி 1991 இல் தோண்டப்பட்டது. எலும்பமைப்பு, பழைய புகைப்படங்கள் போன்றவற்றைக் கொண்டு 96 பேர் அடையாளம் காணப்பட்டுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 2006 இல், டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பின், அவர்களில் 48 பேர் தவறாக அடையாளம் காணப்பட்டவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகள் மலர் வைத்து அழுத கல்லறையில் இருப்பது வேறொருவர் என்று அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது.

நாம் கேட்க வேண்டியவை

எனவே மாதிரி கொடுக்கும்போதும் அறிக்கை பெறும்போதும் குடும்பங்களும் அவர்களுக்காக ஆஜராகும் சட்டத்தரணிகளும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

1. எலும்பின் எந்தப் பகுதி பயன்படுத்தப்பட்டது? மீண்டும் பரிசோதிக்க மீதி இருக்கிறதா?

2. இழைமணி வரிசையா, கருவின் மீள்வரிசை எண்ணிக்கையா, இரண்டுமா?

3. எந்த அளவுகோல் வரிசை, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு?

4. வரிசையின் எந்தப் பகுதிகள் வாசிக்கப்பட்டன? ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது எத்தனை துண்டுகளின் சாட்சியம் உண்டு?

5. ஃபாஸ்ட்கியூ, பாம் கோப்புகள் யாரிடம் உள்ளன? சுயாதீனமான இன்னொரு ஆய்வுகூடம் கேட்டால் கிடைக்குமா? எத்தனை ஆண்டு பாதுகாக்கப்படும்?

6. பொருத்தத்தின் எடை எந்த மக்களின் தரவைக் கொண்டு கணக்கிடப்பட்டது?

7. அகழ்ந்தவர்களினதும் ஆய்வுகூடப் பணியாளர்களினதும் டி.என்.ஏ. கலக்கவில்லை என்பது எப்படிச் சரிபார்க்கப்பட்டது?

8. குடும்பத்தின் மாதிரி இந்த ஒரு தேடலுக்கு மட்டுமா பயன்படும்? பொலிஸாரோ இராணுவமோ அதை அணுக முடியுமா? நாம் கேட்டால் அழிக்கப்படுமா?

கடைசிக் கேள்வி சிறியதல்ல. பதிவுகளுக்குப் பெயர் கொடுத்தே துன்பப்பட்ட ஒரு சமூகத்திடம் இரத்தத்தைக் கேட்கும்போது, அது எங்கே போகிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டியது கேட்பவரின் பொறுப்பு. எலும்பின் தரவும் குடும்பத்தின் தரவும் ஒன்றல்ல. முதலாவது நீதிமன்றத்தின் சான்று, அது அழியக் கூடாது. இரண்டாவது குடும்பத்துக்குச் சொந்தமானது, அது அவர்கள் சம்மதித்த எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டையும் தனித்தனியே காக்கும் ஏற்பாடு சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால்தான், வயோதிபத் தாய் ஒருவர் அச்சமின்றிக் கையை நீட்டுவார். அந்த ஏற்பாட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பெற வேண்டும்.